மூன்று தட்டு ரோபோ

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முதலில் சர்க்கரை அளவில் தொடங்கும். அப்புறம் முழங்கால் வலி. அதற்கும் அப்புறம் யாராவது ஒருவர், "சின்ன வயசுல எங்கிட்ட ஒரு பொம்மை இருந்துச்சுப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், படுக்க வைத்தால் கண்ணை மூடும் பொம்மை, தகரக் கப்பல் என்று ஆளாளுக்கு ஒன்றை எடுத்து வைப்பார்கள். என் முறை வரும்போது நான் ரோபோ என்பேன். ஜப்பான் ரோபோ, துண்டு துண்டாக வரும், நாமேதான் மாட்டி நிறுத்த வேண்டும் என்பேன். "ஓ, உங்கிட்ட அது இருந்துச்சா?" என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கும். என்னிடம் இல்லை. என் அத்தை மகனிடம் இருந்தது.

அடுத்த வருஷம் ஐம்பதைத் தொடப்போகிறவள் இன்னமும் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக எரிகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் சொந்தத்துக்குள் இருப்பார். நீங்கள் சொல்லமாட்டீர்கள், நான் சொல்கிறேன்.

அப்பா கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். வாளி, குடம், குளிக்கிற கப்பு செய்கிற கம்பெனி. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அடித்து இறக்கும் மிஷின் அங்கே மூன்று இருந்தன. அந்த அச்சை ஏற்றி, இறக்கி, சரிபார்ப்பது அப்பாவின் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் பிளாஸ்டிக் சாமானைக் கண்டால் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்ப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஜக்கை வாங்கித் திருப்பிப் பார்க்கப்போய், பக்கத்து இலைக்காரர் மடியெல்லாம் தண்ணீரான கதை எங்கள் சொந்தத்தில் பிரசித்தம்.

ஒரு தடவை முதலாளி மிஷின் பார்க்க ஜப்பான் போய் வந்தார். வந்தவர் ஒரு அட்டைப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

"மொதலாளி சொல்றாரு, 'இத உன் பிள்ளைட்ட குடுத்துக் கட்டச் சொல்லு. நம்ம ஊருப் பிள்ளைக கட்டி முடிச்சிருச்சுன்னா நாமளும் இதே மாதிரி அச்சு போட்டு அடிப்போம். தனி ஷெட்டு, நீதேன் பொறுப்பு'ங்கிறாரு. எத்தன வருசந்தேன் வாளியவே அடிக்கிறது, சொல்லு?"

அப்பா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெட்டியைப் பீரோ மேல் வைத்தார். என்னைப் பார்த்து, "பெரிய லீவு விடட்டும் தாயி, நாம உக்காந்து கட்டுவோம்" என்றார். உன் பிள்ளை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். எனக்குப் பதினொரு வயது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

லீவு வரும்வரை பொறுக்க முடியுமா? அம்மா குழாயடிக்குப் போன நேரமெல்லாம் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்குவேன். மூடியின் மேல் அந்த ரோபோ நிற்கும். சிவப்பு மார்பு, வெள்ளைக் கை, நீலக் கால். உள்ளே ஆறு சட்டங்கள் இருந்தன, நிறத்துக்கு இரண்டு. ஜன்னல் கம்பிபோல ஒரு சட்டம், அதில் சின்னச் சின்னக் காம்புகளில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பாவின் சட்டையில் வருகிற வாளி வாடை அதில் இல்லை. புது ரெயின்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. முகர்ந்து முகர்ந்து மூக்கே சிவந்து போகும்.

கூடவே ஒரு புத்தகம். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஆனால் நம்பர் நம் நம்பர்தானே. நாலு நாள் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சட்டத்தில் ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு நம்பர் அச்சாகியிருந்தது. துண்டில் கிடையாது, சட்டத்தில்தான். ஏழும் பன்னிரண்டும் சேர்ந்தால் தோள்பட்டை, அதற்குள் இருபது போகும் என்று புத்தகத்தில் படம். ஒரு துண்டைக்கூட நான் பிய்க்கவில்லை. ஆனால் மனசுக்குள் அந்த ரோபோவை இடுப்புவரை கட்டி முடித்திருந்தேன்.

மாசி பிறந்ததும் அத்தை மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, மூன்று தெரு தள்ளி வீடு. அவள் மகன் என்னைவிட நாலு மாதம் மூத்தவன். அவ்வளவு வயதுவரை அவனுக்கு ஏன் காது குத்தவில்லை என்றால், அவர்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகளுக்குள் தகராறு. கோயில் ஒன்பது வருஷம் பூட்டியே கிடந்தது. தகராறு தீர்ந்து கோயிலைத் திறந்தார்கள், எனக்கு வினை பிடித்தது.

நம் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவர்தான் சீர் கொண்டுவர வேண்டும். தட்டுத் தட்டாகத் தலையில் தூக்கி மேளத்தோடு வருவதை ஊரே நின்று எண்ணும். அந்தத் தாய்மாமன் என் அப்பா.

"உங்க தங்கச்சி மாமியா வீட்டு ஆளுக எண்றதுக்குன்னே வருவாக. இருபத்தொரு தட்டுக்குக் கொறஞ்சா உங்களையா பேசுவாக? என்னையத்தேன் பேசுவாக" என்றாள் அம்மா.

தேங்காய், வாழைப்பழம், கல்கண்டு, வேட்டி சட்டை, பொரிகடலை, ஆப்பிள் என்று கூட்டிப் பார்த்ததில் பதினெட்டுத் தட்டு தேறியது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பீரோ மேல் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன்.

"தாயி," என்று என்னைக் கூப்பிட்டார். "அவனும் நம்ம பிள்ளதான? அத அவனுக்குச் சீர்ல வச்சிருவோம். ஜப்பான் சாமான்னா சபையில ஒரு மதிப்பு. பெறகு ரெண்டு பேருமாச் சேந்து கட்டுங்க, என்ன?"

அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். நான் அழவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்லுகிறார்களே, அதைச் சொன்னவர் வீட்டுப் பிள்ளையிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்று தெரியவில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் மதியம், அப்பா வேன் பேசப் போயிருந்தார். அம்மா தட்டுகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்தாள். சட்டங்களைத் தூக்கிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, குச்சியும் கம்பியுமா கண்றாவியா இருக்கு? இத எப்பிடிச் சபையில வைக்கிறது?"

"பெட்டியோட வைம்மா."

"பெட்டியோட வச்சா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சீருன்னா தொறந்து வைக்கணும்டி." கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. "ஏய், இத பிச்சு எடுத்துட்டம்னா பழங் கணக்கா இருக்கும். செவப்பு ஒரு தட்டு, வெள்ள ஒரு தட்டு, நீலம் ஒரு தட்டு. பதினெட்டும் மூணும் எத்தன?"

"இருபத்தொண்ணு."

"அம்புட்டுத்தேன்! வா, ஒக்காரு."

ஒரு வார்த்தை போதும். அம்மா, நம்பர் குச்சியில இருக்கு, பிச்சா கட்ட முடியாது. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சொன்னால் புரியும், முரண்டு பிடிக்கிறவள் அல்ல. அப்பா புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, லீவில் என்னோடு பார்க்கலாம் என்று விட்டுவைத்திருந்தார். அந்த வீட்டில், அந்த ஊரில், அது தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பிய்த்தேன். எனக்கு இல்லாதது அவனுக்கும் வேண்டாம் என்று நினைத்தேன். திருகினால் டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக இருந்தது. அம்மாவைவிட நான்தான் வேகமாகப் பிய்த்தேன்.

மிச்சமான சட்டங்களை அம்மா வெந்நீர் அடுப்பில் செருகினாள். விறகு ஈரமாக இருந்தது, பற்றவைக்க அது தோதாகப் போயிற்று. சிவப்பும் வெள்ளையும் நீலமும் சொட்டுச் சொட்டாக ஒழுகி எரிந்தன. கரும்புகை ஒட்டடையாக எழுந்து கொடியில் காய்ந்த துணியில் ஒட்டியது. அப்பா தெருமுனையில் வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"என்னத்தப் போட்டு எரிக்கிற? நல்ல சரக்கு வாடையில்ல அடிக்குது?"

"அந்தக் குச்சிகதேன். இங்க வந்து தட்டப் பாருங்க, எப்பிடி இருக்குன்னு."

அப்பா பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, பிய்த்த இடத்தில் நகத்தால் தடவி, "வெள்ளையாப் போச்சே, கத்தி வச்சு நறுக்கியிருக்கலாம்" என்றார். பிறகு மூன்று தட்டையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

சோழவந்தான் பக்கம் கோயில். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் வாய்க்கால் கரையோரமாகப் போக வேண்டும். வேனை விட்டு இறங்கி, தட்டுகளைத் தலையில் ஏற்றி, மேளம் முன்னால் போக நடந்தோம். என் தலையில் நீலத் தட்டு. "என்ன, மச்சானுக்குத் தட்டு தூக்குறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கோயில் வாசலில் தட்டுகளை இறக்கி வைத்ததும் கூட்டம் அந்த மூன்றையும் மொய்த்துக்கொண்டது. ஒரு பெரியவர் வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். "கெட்டி மிட்டாயால்ல இருக்கு" என்று அடுத்தவரிடம் நீட்டினார். அத்தை கண் கலங்கி, "அண்ணே, என் மானத்தக் காப்பாத்திட்டீக" என்றாள். அம்மா நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே.

அப்பா பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அத்தை மகன் அவர் மடியில் ஏறினான். பதினொரு வயதுப் பையன், கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அலறினான். அப்பா அவன் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, காதருகில் குனிந்து என்னவோ சொன்னார். அவன் அழுகை நின்றது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. எனக்குக் காது குத்தியது என் தாய்மாமன் மடியில். அப்போது அப்பா பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். முறை என்றால் அப்படித்தான், பெற்றவருக்கு அதில் இடமில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எந்த ஊர் நியாயம் என்றுதான் தோன்றியது.

இனிமேல் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அத்தை மகன் துண்டுகளையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் முட்டி மோதினான். புத்தகத்தில் நம்பர் இருந்தது, துண்டில் இல்லை. எது ஏழு, எது பன்னிரண்டு? அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தான். தாய்மாமன் சும்மா இருப்பாரா? முதலாளியிடம் வேறு காட்டியாக வேண்டுமே. ஷிப்டு முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு அப்பா கிளம்பிவிடுவார்.

"அத்த வீட்டுக்குப் போறேன், வாரியா தாயி?"

"வரல."

தினமும் கேட்டார், தினமும் வரல என்றேன். என் வாயை அடைத்து நான் கெடுத்த காரியம், என் அப்பாவையே சாயங்காலமெல்லாம் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தால் ரெண்டு நாளில் அவன் தனியாகக் கட்டி முடித்திருப்பான், அப்பா என்னோடு வீட்டில் இருந்திருப்பார். அது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

ஒரு நாள் மட்டும் அத்தை வீட்டு ஜன்னலோரம் ஒளிந்து நின்று பார்த்தேன். சுளகில் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. அப்பா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "இங்க பாரு மாப்ள, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் முளை. முளைக்கு ஏத்த குழி எங்கயாச்சும் இருக்கும். தேடு" என்றார். அவன் தேடினான், கிடைத்தது, ரெண்டு பேரும் கைதட்டினார்கள். வீட்டில் அப்பா பேசாத மனிதர். சோறு, குழம்பு, தூக்கம் என்று மூன்று வார்த்தைக்குள் ஒரு நாளை முடித்துவிடுவார். இங்கே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அத்தை சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தோள்பட்டை எனக்கு மனப்பாடம். தப்பாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ச் சொல்லலாம் என்று கால் பரபரத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டு அடி வாங்கினேன்.

முழுப்பரீட்சை முடிந்த நாள், அத்தை மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் புத்தகம், சட்டைப்பையில் நீலத் துண்டுகள்.

"ஏ பிள்ள, இந்தப் புக்க நீதேன் நெறையாப் பாத்திருக்கியாம்ல? காலு மட்டும் வர மாட்டேங்குது. இந்த முழங்காலுத் துண்டு எந்தப் பக்கம் வரும்?"

துண்டில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. அது முன்னால் வர வேண்டும். புத்தகத்தில் அந்தப் படம் நகத்தளவுதான். ஆனாலும் எனக்குத் தெரியும்.

"கொக்கி பின்னாடி வரணும்" என்றேன்.

"நெசமாவா?"

"நம்பாட்டிப் போ."

இதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது, சொல்லிவிடுகிறேன். பின்னால் வைத்தால் உள்ளேயே போகாது, இடிக்கும். இடித்தால் திரும்ப வருவான். இந்தத் தடவை அப்பாவே கூட வருவார், வா தாயி, நீ வந்து பாரு என்று கையைப் பிடித்துக் கூப்பிடுவார். அப்போது போகலாம், போய் அத்தனையும் சரியாக மாட்டிக் காட்டலாம் என்று இருந்தேன். ரெண்டு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அப்பா வந்து, "கட்டி முடிச்சாச்சு. நாளைக்கு மொதலாளிட்டக் கொண்டுபோறோம், நீயும் வா" என்றார்.

அதென்ன மாயம் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் அத்தை மகன் மடியில் ஒரு துணியால் போர்த்தி ரோபோ உட்கார்ந்து வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலாளி அறையில் கண்ணாடி போட்ட மேஜை. வெளியே வாளிக் கோபுரங்கள், மிஷின் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பெருமூச்சு. அப்பா ரோபோவை மேஜையில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். நின்றது. ஒரு சாண் உயரம். அட்டைப்பெட்டிப் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதை நான் இல்லாமல் செய்துவிட்டார்களே என்று நெஞ்சு கரித்தது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தரிக்காய் பொறுக்குகிறவர்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார், திரும்பியது. கையைத் தூக்கினார், தோள்பட்டை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் தூக்கியது. பிறகு உட்கார வைக்கப் பார்த்தார். முழங்கால் முன்பக்கமாக மடிந்தது, கோழிக்கால்போல. கையை எடுத்ததும் ரோபோ முகம் குப்புற விழுந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்தது.

"எத்தன நாளாச்சு கட்ட?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பொய் வராது. "ரெண்டரை மாசம்ங்கய்யா."

"பையன் மட்டுமா?"

"நானும் கூட இருந்தேன்யா."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் மோசம். "பாத்தியாப்பா. நீ இத்தன வருசம் அச்சுலயே கெடக்குற ஆளு. உனக்கே ரெண்டரை மாசம், அதுவும் காலு திரும்பி நிக்குது. நம்ம ஊருப் பிள்ளைக ஒரு மணி நேரம் பாக்கும், அழுதுட்டுத் தூக்கிப் போட்டுரும். ஜப்பான்காரன் பிள்ளைக வேற. வேணாம். நமக்கு வாளியும் கொடமும் போதும்."

"அந்தக் காலு நாந்தேன்யா தப்பா மாட்டிட்டேன். மாமா மாட்டல" என்று அத்தை மகன் முந்திக்கொண்டு சொன்னான்.

இப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். அய்யா, இதில் நம்பர் இருந்தது, எரித்துவிட்டோம், நம்பர் இருந்தால் ரெண்டே நாள், என்னிடம் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. அப்பாவின் தனி ஷெட் அந்த மேஜையில்தான் இருந்தது, என் வாயில்தான் இருந்தது. அதற்குள் அப்பா அத்தை மகனின் தலையை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான். எனக்கு வந்த பேச்சு அப்படியே உள்ளே போய்விட்டது. சண்டாளி என்று திட்டுங்கள், பரவாயில்லை.

ரோபோவை முதலாளி தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார், பேப்பர் பறக்காமல் இருக்க. பிற்பாடு அந்தக் கம்பெனியை விற்று, வாங்கியவரும் விற்று, இப்போது அந்த இடத்தில் சிமென்ட் குடோன் இருக்கிறது. ரோபோ எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அப்பா வெளியே வந்து குழாயில் முகம் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். பஸ் ஸ்டாப்பில் எங்கள் ரெண்டு பேருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு பத்தொன்பது வருஷம் வாளி அடித்தார். ஒரு நாளும் அந்த ரோபோவைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா போய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் அத்தை மகன் என் வீட்டுக்கு வந்திருந்தான், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. ஒத்தக்கடையில் வீடு கட்டியிருக்கிறான், அங்கேயே ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர் வேலை. தலை வழுக்கையாகிவிட்டது. என்னைப்போலவே சர்க்கரை இல்லாத காபி. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எங்கே என்று தேடிப் பார்த்தேன், எப்படியோ பேச்சு அந்த ரோபோவுக்குப் போயிற்று. எனக்கு மனசில் வைத்திருந்து சலித்துவிட்டது. குச்சியில் நம்பர் இருந்ததையும் தெரிந்தே பிய்த்ததையும் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான்.

"அந்த முழங்காலும் நான் வேணும்னேதேன் மாத்திச் சொன்னேன் மச்சான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா மாட்டுன?"

"நான் எங்க பிள்ள மாட்டுனேன்? உள்ளயே போகல. மாமாட்டச் சொன்னேன், 'இடிக்குது மாமா, அவ தப்பாச் சொல்லிட்டா'ன்னு. மாமா அந்தத் துண்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'அவ தப்பாச் சொல்ல மாட்டா மாப்ள. அச்சுலதேன் என்னமோ கோளாறு'ன்னாரு. அரத்த எடுத்து அந்தக் கொக்கிய ராவி, நீ சொன்ன பக்கமே ரெண்டு காலையும் மாட்டிட்டாரு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். மயிரிழை கோணல் இருந்தாலும் அச்சைப் பார்த்துச் சொல்லிவிடுகிற மனிதர் என் அப்பா. ஜப்பான்காரன் அச்சில் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கு அன்னைக்கு ஒம் மேல வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "எம் பொம்மைக்கு ஒம் பேச்சு சட்டமா? அங்க ஒக்காந்தா எப்பவும் ஒம் பேச்சுத்தேன்."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என்னைப் பற்றி என் முன்னால் அப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கடைசி வரைக்கும் சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் இவனிடம்.

"எப்பிடிச் சொன்னாரு? சிரிச்சுக்கிட்டா சொன்னாரு? ஒன்னையப் பாத்துச் சொன்னாரா, துண்டப் பாத்துச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். பிறகு உதட்டைப் பிதுக்கி, "எத்தன வருசமாச்சு. ஞாபகமில்ல பிள்ள" என்று சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தான்.

அந்த ஒரு வார்த்தையையும் அப்பா அவனிடம்தான் கொடுத்திருக்கிறார். அவன் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை.